சிறுவர்களுக்கு நாடகம் கற்பித்த சங்கரதாஸ் சுவாமிகள்

தமிழ் நாடக உலகில் "சுவாமிகள்" என்றால் ஒருவரைத்தான் குறிக்கும். அவர்தான் சங்கரதாஸ் சுவாமிகள்.

நடிகராகப் புகழ் பெற்றவர் அவர். ஆனால் அந்தப் புகழ் வேண்டாம் என்று ஒதுக்கினார். மற்றவர்களை நடிகர்களாக்குவதே தம் வேலை என்று வாழ்ந்தார்.

உப்பளக் கணக்கர்

தூத்துக்குடிக்கு அருகே உள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி அவர் பிறந்தார். தந்தையார் தாமோதரன் தமிழ்ப் புலமை மிக்கவர். இராமாயணப் பிரசங்கம் செய்வதில் பெயர் பெற்றவர்.

மகனும் சிறு வயதிலேயே தமிழில் தேர்ந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டார். வெண்பாவும் கலித்துறையும் சரளமாகப் பாடும் திறமை வந்தது.

ஆனால் வயிற்றுப் பிழைப்புக்குக் கிடைத்ததோ, உப்பளத்தில் கணக்கு எழுதும் வேலை! சில காலம் அந்த வேலையைப் பார்த்தார். மனம் நாடகத்தையே நாடியது. 24-வது வயதில் வேலையை உதறிவிட்டு நாடகத்தில் சேர்ந்தார்.

எமன் வேடம்

ஆஜானுபாகுவான உடல். கம்பீரமான குரல். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்கள் அவருக்கென்றே அமைந்தவை போல் இருந்தன.

எமனாக அவர் மேடையில் தோன்றினால் சபையே நடுங்குமாம். ஒருநாள் அந்தக் கோலத்தைக் கண்டு மிரண்ட கர்ப்பிணி ஒருத்திக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது என்றும், அந்த வேதனையால் அவர் வேடம் போடுவதையே விட்டுவிட்டார் என்றும் சொல்வார்கள்.

பின்னர் அவர் துறவு மனம் கொண்டு ஊர் ஊராகச் சென்றார். காவி உடுத்தினார். திருமணம் செய்து கொள்ளவே இல்லை. "சுவாமிகள்" என்ற பெயர் நிலைத்தது.

மீண்டும் நாடகத்துக்கு வந்தபோது, நடிகராக வரவில்லை. ஆசிரியராக வந்தார்.

நாடகத்துக்கு ஒழுங்கு

அக்காலத்தில் நாடகங்களில் கட்டுப்பாடு குறைவு. கதையை வைத்துக்கொண்டு, நடிகர்கள் தங்களுக்குத் தோன்றியதையெல்லாம் பேசுவார்கள். ஒருவரை ஒருவர் மடக்குவதற்காக மேடையிலேயே தர்க்கம் செய்வார்கள். கதை எங்கோ போய்விடும்.

சுவாமிகள் வசனத்தையும் பாட்டையும் வரையறுத்து எழுதிக் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் முதலிய பல நாடகங்கள் அவர் எழுதியவை. படிக்காத பாமரரும் அவற்றைக் கேட்டுத் தமிழைச் சுவைத்தனர்.

ஆனால், நல்ல நாடகம் எழுதினால் மட்டும் போதுமா? எழுதியதை எழுதியபடி நடிக்க ஆட்கள் வேண்டாமா? பழகிப்போன பெரியவர்களைத் திருத்துவது கடினம். எனவே அவருடைய கவனம் சிறுவர்கள் மீது திரும்பியது.

பிள்ளைகளின் வாத்தியார்

1918-ம் ஆண்டு மதுரையில் "தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை" தொடங்கப்பட்டது. சுவாமிகளே ஆசிரியர். நடிகர்கள் எல்லோரும் பிள்ளைகள்!

பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்குவார்கள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம், அங்கேயே பாடம். தமிழ் உச்சரிப்பு, பாட்டு, வசனம், நடிப்பு எல்லாவற்றையும் அங்கேதான் கற்றார்கள்.

அங்கு வந்து சேர்ந்தவர்களில் சகோதரர்கள் சிலர் இருந்தனர். அவர்களில் ஒருவனுக்கு வயது ஆறு. பெயர் சண்முகம். பிற்காலத்தில் அவ்வையாராக நடித்து, "அவ்வை" சண்முகம் என்று நாடே போற்றியது இவரைத்தான்.

சண்முகத்தின் திறமையைக் கண்ட சுவாமிகள், அவன் நடிப்பதற்கென்றே ஒரு நாடகம் எழுத நினைத்தார். இரவில் எழுத உட்கார்ந்தார். பொழுது விடிந்தபோது, பாட்டும் வசனமுமாக "அபிமன்யு சுந்தரி" முடிந்திருந்தது! ஒரு சிறுவனுக்காக ஒரு பெரும் புலவர் கண் விழித்து எழுதிய நாடகம் அது.

பேச்சு நின்றது

அதன்பின் விதி கொடுமை செய்தது. சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் முடங்கின. பேச்சும் போயிற்று.

எத்தனையோ பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக் கொடுத்த வாய், ஒரு சொல்லும் பேச முடியாமல் அடைத்துக் கொண்டது. ஆனால் அவர் எழுதிய வசனங்களை மேடையில் பிள்ளைகள் பேசிக் கொண்டிருந்தார்கள்.

1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். அங்கே கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மறவாத மாணவர்கள்

அவருக்கு மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஆனால் மாணவர்கள் அவரை மறக்கவில்லை.

டி.கே.எஸ். சகோதரர்கள் 1925-ம் ஆண்டு சொந்தமாக நாடக சபை தொடங்கினர். ஆசிரியரிடம் கற்ற ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் அங்கே கடைப்பிடித்தனர். சண்முகம் தம் ஆசிரியரின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று அவரைப் போற்றினார்.

மதுரையில் சுவாமிகளுக்குச் சிலை இருக்கிறது. கருவடிக்குப்பம் சமாதியில் நாடகக் கலைஞர்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். தென் மாவட்டங்களின் கோவில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறது. புதிதாக வரும் இளம் நடிகர்கள் சுவாமிகளின் பாட்டைப் பாடித்தான் மேடை ஏறுகிறார்கள்.