தாமஸ் ஹாப்கின்ஸ் காலடெட்

பிறருக்குப் போதிக்கப் புகுவோர் முதலில் தாம் கற்றல் வேண்டுமென்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், தாம் யாருக்கு உதவ விரும்பினாரோ அவர்களுள் ஒருவரையே குருவாகக் கொண்டு அடங்கிக் கற்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

காலடெட் 1787-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 10-ந் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பிறந்தார். யேல் கலாசாலையில் பட்டம் பெற்று, ஆண்டோவரில் வேதசாஸ்திரம் கற்று 1814-ல் தேறினார். மெலிந்த தேகமுடைய இவர் சபைப் போதகராகவே எண்ணியிருந்தார். அவ்வாண்டில் ஹார்ட்போர்டு நகரில் அயல்வீட்டு வைத்தியர் காக்ஸ்வெல்லின் மகள் ஆலிஸைக் கண்டார். சுரத்தால் செவிப்புலன் இழந்த அச்சிறுமிக்குத் தம் தொப்பியைக் காட்டி, அதன் பெயரைத் தரையில் எழுதினார். எழுத்தும் பொருளும் ஒன்றையே குறிப்பன என்பதை அவள் உணர்ந்துகொண்டாள். இவரது வாழ்க்கை அன்றே வேறு வழியில் திரும்பிற்று.

காது கேளாதோருக்குக் கற்பிக்கும் முறையை அறிந்துவருமாறு நகரத்தார் பொருளுதவி செய்து 1815-ல் இவரை ஐரோப்பாவிற்கு அனுப்பினர். பிரிட்டனில் பிரெயிட்வுட் குடும்பத்தார் தம் போதனாமுறையைக் குடும்ப இரகசியமாகவே போற்றிவந்தனர். நெடுங்காலம் உடனிருந்து உழைக்கவேண்டும், கற்றதை மறைத்துவைக்கவேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளுக்கு இவர் இசைந்திலர். பாரிஸ் நகரத்துப் பாடசாலையின் தலைவராகிய சிக்கார் குருவானவரோ இவரை மனமுவந்து ஏற்றுக்கொண்டார். அங்கே, செவிப்புலனற்ற ஆசிரியராகிய லாரன் கிளார்க் இவருக்குச் சைகை மொழியைப் போதித்தார். கையசைவு மட்டுமன்றி முகக்குறிப்பும் மொழியின் உறுப்பாதலால், அது சில மாதங்களில் கைவருவதன்று. இதனை உணர்ந்த காலடெட், அரைகுறைக் கல்வியோடு திரும்ப மனமின்றி, கிளார்க்கையே தம்முடன் வருமாறு வேண்டினார்.

1816-ல் இருவரும் கப்பலேறினர். 52 நாட் பிரயாணத்தில் ஒருவர் ஆங்கிலமும் மற்றவர் சைகையும் போதித்தனர். அமெரிக்காவிற் பல ஊர்களிலும் கிளார்க் எழுதிய பிரசங்கங்களைச் சபைகளில் காலடெட் வாசித்தார். பேசாத அறிஞருக்கு இவர் வாயாயினார். 1817-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஹார்ட்போர்டுப் பாடசாலை திறக்கப்பட்டது. முதல் மாணாக்கருள் ஆலிஸும் ஒருத்தி. பிரெஞ்சுச் சைகைகளும் மாணாக்கர் தத்தம் ஊர்களிலிருந்து கொணர்ந்த சைகைகளும் அங்கே கலந்து அமெரிக்கச் சைகை மொழியாக வளர்ந்தன. அப்பாடசாலையிற் பயின்ற சோபியா பௌலரை இவர் 1821-ல் மணந்தார். அதனால் இல்லத்திலும் அம்மொழியே வழங்கிற்று. 1830 வரை தலைவராயிருந்த இவர், 1851-ல் காலமானார். இவர்தம் மகன் எட்வர்டு தலைமை வகித்த வாஷிங்டன் நகரக் கலாசாலை இன்று காலடெட் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது.

1880-ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மகாநாடு சைகையை விலக்கி வாய்மொழியையே மேற்கொள்ளவேண்டுமெனத் தீர்மானித்தது. அதனாற் பல நாட்டுப் பாடசாலைகளிற் சைகை மங்கிற்று. 2010-ல் வான்கூவர் நகரிற் கூடிய அம்மகாநாட்டு வழியினரே அத்தீர்மானத்தைத் தள்ளினர்.

இக்காலத்தில் வகுப்பறையில் ஆசிரியருக்கும் காது கேளா மாணாக்கருக்குமிடையே நின்று மொழிபெயர்ப்போர் பலர் பயிற்சி பெறுகின்றனர். அத்தொழிலை நாடும் நம் மாணவ நண்பர் காலடெட்டிடம் அறியத்தக்கது ஒன்றுண்டு. அம்மொழி அதனை வழங்குவோருக்கே உரியது. அதனை அவர்பால் சென்று, அவசரமின்றிக் கற்றலே முறை. நாம் சிறிது தவறாக உரைப்பினும் இழப்பு நம்முடையதன்று; பாடத்தை இழப்பவர் எதிரே அமர்ந்திருக்கும் மாணாக்கரே.