ஆகாசவாணி கண்ட ஆசிரியர்

ராஜ்பவன் சாலை வழியாக நாள்தோறும் வகுப்புக்குப் போய்வருகிறவன் நான். அங்கிருக்கும் பெங்களூர் வானொலி நிலையத்தைப் பேருந்தில் இருந்தபடியே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் அது என் சிந்தையைத் தொட்டதில்லை. பாட்டு வேண்டுமானால் கைப்பேசியில் கேட்கிறோம். செய்தி வேண்டுமானால் அதிலேயே படிக்கிறோம். வானொலி நிலையத்தைப் பற்றி எண்ண நமக்கு நேரம் ஏது? ஆனால் இன்று அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு மனிதரின் நினைவு வருகிறது. அவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது என் அறியாமைதான். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2023-ஆம் ஆண்டு மே மாதம், வானொலியை இனி ஆகாசவாணி என்ற பெயராலேயே குறிப்பிட வேண்டும் என்று பிரசார் பாரதி பணித்தது. தமிழ்நாட்டில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகு நம் மன்றத்தில் நடந்த சொற்போர் ஒன்றில் அதுவே பொருளாயிற்று. நான் எதிர்த்துப் பேசினேன். டில்லியில் எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எவரோ செய்து, தென்னாட்டுக்கு அனுப்பிவைத்த பெயர் இது என்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

என் அறைத்தோழன் மைசூர்க்காரன், கன்னடம் பேசுகிறவன். நான் பேசியதை முழுதும் கேட்டிருந்தான். அவன் சினந்துகொள்ளவில்லை. அந்தப் பெயர் பிறந்த இடம் டில்லி அன்று, தன் ஊர்தான் என்று மட்டும் அமைதியாகச் சொன்னான். ஒரு கல்லூரி ஆசிரியரின் வீட்டில் பிறந்தது என்றும் சொன்னான். நான் நம்பவில்லை. மறுநாள் நூலகத்தில் தேடினேன். அவன் சொன்னது உண்மை. அந்த ஆசிரியரின் பெயரைக் கண்டதும் எனக்கு இன்னும் வெட்கமாகப் போயிற்று. ஏனெனில் உளவியல் மாணவனாகிய நான் அப்பெயரை முதலாண்டு வகுப்பிலேயே குறித்து வைத்திருந்தேன். டாக்டர் எம். வி. கோபாலசாமி!

என் குறிப்பேட்டில் அவர் ஒரே ஒரு வரி. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கியவர், ஆண்டு 1924. தேர்வுக்கு அவ்வளவு போதும். ஆனால் ஒரு மனிதரின் வாழ்வு அந்த ஒரு வரியில் அடங்கிவிடுமா?

கோபாலசாமி லண்டனில் ஸ்பியர்மன் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். மனிதரின் பல்வேறு திறமைகளுக்கும் அடியில் பொதுவான அறிவாற்றல் ஒன்று இருக்கிறது என்று 1904-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஸ்பியர்மன். அவரிடம் பெற்ற பயிற்சியோடு கோபாலசாமி மைசூருக்கு வந்தார். அப்போது அங்கே துணைவேந்தராக இருந்தவர் தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல். இந்தியாவில் உளவியலுக்கென்று தனித்துறை 1916-இல் கல்கத்தாவில் ஏற்பட்டிருந்தது. அதற்கு அடுத்த வரிசையில் மைசூர் இடம்பெற்றது. மகாராஜா கல்லூரியில் கோபாலசாமி அத்துறையை வளர்த்தார். இவ்வளவோடு நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். அவர் நிற்கவில்லை.

அந்நாளில் வானொலி எந்த நிலையில் இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் பி.பி.சி. 1922-இல் தோன்றி, 1927 முதல் பொதுக் கழகமாக இயங்கிவந்தது. நம் நாட்டில் தனியார் கம்பெனி ஒன்று 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்தது. மூன்றாண்டு முடிவதற்குள் பணமின்றி மூடிவிட்டது. பிறகு அரசு அவற்றை ஏற்றது.

நம் சென்னையின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் நண்பர்களோடு சேர்ந்து சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். 40 வாட் ஒலிபரப்பியோடு தொடங்கிய அக்கழகமும் பணமுடையால் 1927-இல் ஓய்ந்தது. ஆனால் அதன் கருவி வீணாகவில்லை. சென்னை மாநகராட்சி அதைப் பெற்று 1930 முதல் ஒலிபரப்பை நடத்திவந்தது. 1938-இல் ஆல் இந்தியா ரேடியோ சென்னையில் நிலையம் அமைக்கும்வரை நகர மக்களுக்கு அதுவே வானொலி.

ஆகவே வானொலி நடத்துவது எத்தகைய செலவு, எத்தகைய தொல்லை என்பதை 1935-இல் எவரும் அறிவர். பணம் படைத்த கம்பெனியே கவிழ்ந்திருந்தது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர்கூட அப்போது பிறக்கவில்லை. அது 1936 ஜூன் மாதம் வந்தது. அத்தகைய நாளில், மாதச் சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியர் துணிந்தார். மைசூர் ஒண்டிக்கொப்பல் பகுதியில் விட்டல் விஹார் என்பது அவர் வீடு. அந்த வீட்டிலேயே ஒலிபரப்பி ஒன்றை அமைத்தார். 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் அவ்வீட்டிலிருந்து முதல் ஒலி புறப்பட்டது.

அந்தக் கருவியின் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? 30 வாட்! நம் வீடுகளில் முன்பு தொங்கிய குண்டு விளக்குக்கே 40 வாட், 60 வாட் வேண்டும். பெங்களூர் நிலையம் பிற்காலத்தில் பெற்ற மத்திய அலை ஒலிபரப்பிக்கு ஆற்றல் 200 கிலோவாட். அதாவது ஆறாயிரம் மடங்குக்கு மேல். கோபாலசாமியின் குரல் நகரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் எட்டியிருந்தாலே பெரிது. கேட்கும் பெட்டி வைத்திருந்தவர்களும் அந்நாளில் மிகச் சிலர்.

மைசூர் நகருக்கு மின்சாரம் வந்தது சிவசமுத்திரத்தில் விழும் காவிரியிலிருந்து. தண்ணீரைப் பற்றி மட்டுமே காவிரியின் பெயரைச் சொல்லிப் பழகிய எனக்கு, அதே ஆறு அந்நகருக்கு விளக்கும் தந்தது, அதன் ஒலிக்கும் துணைநின்றது என்று எண்ணியபோது மனம் நெகிழ்ந்தது.

முதல் நிகழ்ச்சியில் தம் கவிதையைப் படித்தவர் குவெம்பு. அப்போது அவர் மகாராஜா கல்லூரியில் கன்னட ஆசிரியர். பின்னாளில் ஞானபீடப் பரிசைக் கன்னடத்துக்கு முதன்முதலில் பெற்றுத்தந்த பெருங்கவிஞர். அடுத்த அறையில் பாடம் நடத்திய உடன் ஆசிரியர் ஒருவரை அழைத்துவந்து ஒலிவாங்கியின் முன் நிறுத்தினார் கோபாலசாமி. இந்தச் செயலில் அவர் நோக்கம் முழுதும் விளங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கல்லூரிச் சுவருக்குள் அடைபட்டுக் கிடந்த கவிதையும் இசையும் அறிவும், கல்லூரிக்குள் நுழைய வாய்ப்பில்லாத மக்களின் வீட்டுக்குப் போக வேண்டும். உளவியல் கற்றவர் அல்லவா? மனிதன் வகுப்பறையில் மட்டும் கற்பதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனி அந்தப் பெயர். வானிலிருந்து வரும் குரல் என்பது ஆகாசவாணியின் பொருள். புராணக் கதைகளில் நாம் அசரீரி என்று கேட்டிருக்கிறோமே, அதுவேதான். உருவம் தெரியாமல் ஒலி மட்டும் வரும் விந்தைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அந்நாளில் எது கிடைக்கும்? இப்பெயரைச் சூட்டியவர் கோபாலசாமியே என்பாரும் உண்டு. அவருக்குத் துணையாக இருந்த நா. கஸ்தூரி என்பாரும் உண்டு. கஸ்தூரி கேரளத்தில் பிறந்து, மைசூரில் வரலாறு கற்பித்து, கன்னடத்தில் நகைச்சுவை எழுத்தாளராகப் புகழ் பெற்றவர். இருவரில் எவர் சூட்டியிருந்தாலும், அது சூட்டப்பட்டது ஓர் ஆசிரியரின் வீட்டு வானொலிக்கு. கன்னட மக்கள் கேட்பதற்கு. ஆணையும் இல்லை, அரசும் இல்லை. நான் மேடையில் முழங்கியது எவ்வளவு பெரிய பிழை!

ஒரு நாள், ஒரு வாரம் ஒலிபரப்புவது எளிது, ஆர்வம் போதும். ஆண்டுக்கணக்கில் நடத்துவது அப்படியன்று. நாள்தோறும் பேசுவோர் வேண்டும், பாடுவோர் வேண்டும். கருவி பழுதானால் பார்க்க வேண்டும். நேரம் தவறக்கூடாது, கேட்பவர் பத்துப்பேராக இருந்தாலும் அவர்கள் காத்திருப்பார்கள். பகலில் கல்லூரி, பிறகு வானொலி என்று கோபாலசாமி இதை ஏற்று நடத்தினார். சொந்தப் பணத்தைச் செலவிட்டார். ஆதாயம் தேடிய முயற்சி அன்று அது. பின்னர் 250 வாட் ஒலிபரப்பி வந்தது. நகராட்சியும் பொதுமக்களும் துணைநின்றார்கள். இப்படி ஆறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

1942-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மைசூர் அரசு அந்நிலையத்தை ஏற்றுக்கொண்டது. அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். தாம் பெற்று, தாம் பெயர் காண உதவி, தம் வீட்டிலேயே வளர்த்த பிள்ளை போன்றது அந்நிலையம். அதைத் தம் குடும்பச் சொத்தாக அவர் வைத்துக்கொள்ளவில்லை. பொதுமக்களுக்கென்று தொடங்கினார், பொதுவிடம் ஒப்படைத்தார். நாமோ சங்கத்தில் ஒரு சிறு பொறுப்பு கிடைத்தால் அதை அடுத்த ஆண்டு பிறரிடம் விட மனம் வராமல் தவிக்கிறோம். தொடங்குவதற்குத் துணிவு வேண்டும். விடுவதற்கு அதைவிடப் பெரிய மனம் வேண்டும்.

விட்டதனால் அது அழிந்ததா? இல்லை, வளர்ந்தது. 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது சுதேச அரசுகளிடம் இருந்த நிலையங்கள் சில. அவற்றுள் மைசூரும் ஒன்று. 1950-இல் அது ஆல் இந்தியா ரேடியோவுடன் இணைந்தது. 1955-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் நிலையம் பெங்களூருக்கு வந்தது. நான் பேருந்திலிருந்து அசட்டையாகப் பார்த்துவந்த பெங்களூர் நிலையத்தின் வரலாறு, ஒண்டிக்கொப்பல் வீட்டில் ஒலித்த அந்த 30 வாட் குரலில் தொடங்குகிறது. 1957-இல் மைசூர் வானொலியின் பெயரே நாடு முழுவதற்கும் உரிய பெயராயிற்று. மைசூரிலும் 1974-இல் மீண்டும் நிலையம் ஏற்பட்டது.

சென்ற விடுமுறையில் என் தோழனோடு மைசூருக்குப் போனேன். ஒண்டிக்கொப்பல் தெருக்களில் ஒரு மாலை முழுதும் நடந்தோம். அவன் பாட்டி எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, சமையலறையில் இருந்த சிறிய வானொலிப் பெட்டியைத் திருப்பினார். கன்னடத்தில் செய்தி வந்தது. ஆகாசவாணி என்ற அறிவிப்பு என் காதில் விழுந்தபோது அது அயலாரின் குரலாகப் படவில்லை. ஊரில் என் பாட்டியும் இதே பெயரோடு தொடங்கிய தமிழ்ச் செய்தியைக் கேட்டுத்தான் விளக்கேற்றுவார். அந்த நினைவும் உடன் வந்தது.

இதனால் என் கொள்கை மாறிவிட்டதா என்று நண்பர்கள் கேட்கலாம். மாறவில்லை. தமிழில் பேசும்போது எனக்கு வானொலி என்னும் சொல்லே இனிக்கிறது, அதையே சொல்வேன். ஒரு மொழியினர் தங்களுக்கு இசைந்த பெயரால் ஒன்றை அழைக்க உரிமை வேண்டும் என்று இன்னும் வாதாடுவேன். ஆனால் ஒரு சொல்லின் வரலாறு அறியாமல் அதை இகழமாட்டேன். கன்னட நாட்டில் தங்கி, கன்னட நாட்டின் நீர் குடித்துப் படிக்கும் நாம், இந்நாட்டார் எதைப் பெருமையாகப் போற்றுகிறார்கள் என்பதை அறியாமல் மேடை ஏறுவது நம் தமிழுக்கும் அழகன்று. உண்மையை விட்டுவிட்டு மொழிப்பற்றை வளர்க்க முடியாது.

மற்றொன்றையும் அவர் வாழ்விலிருந்து கற்றேன். பொதுத்தொண்டுக்குப் பெரும்பணம் சேரட்டும், அரசு முன்வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கையில் இருந்தது 30 வாட், அதைக்கொண்டு தொடங்கினார். நம் விடுதிக்குப் பின்னால் புதுக்கட்டடம் எழும்பிவருகிறது. அங்கே வேலை செய்யும் குடும்பங்கள் சில தருமபுரிப் பக்கத்திலிருந்தும், சில ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவை. அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலைதோறும் நானும் என் தோழனும் பாடம் சொல்லித் தருகிறோம். அவன் கன்னடம் கற்பிக்கிறான். நான் தமிழும் கணக்கும் கற்பிக்கிறேன். இப்போது பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். ஆங்கிலம் கற்பிக்க ஆள் இல்லை.

இதைப் படிக்கும் நண்பர்களில் எவரேனும் வர விரும்பினால், மாலை 5 மணிக்கு விடுதி வாயிலில் எங்களைக் காணலாம்.