லைடிக் செல்: பெயர் கொடுத்தவர் யார்? இறங்காத விரை சொன்ன ரகசியம் என்ன?

புதுச்சேரி ஜிப்மரில் எம்பிபிஎஸ் சேரும் எல்லோரும் முதல் வருஷத்திலேயே படிக்கும் பெயர் லைடிக் செல். ஆண் உடலில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரப்பது இதுதான். ஆனா, இதைக் கண்டுபிடித்த ஃப்ரான்ஸ் லைடிக்குக்கு அது என்ன வேலை செய்யுதுன்னே தெரியாது!

1821-ல் இன்றைய ஜெர்மனியின் ரோத்தன்பர்க் ஊரில் பிறந்தவர். ஜிப்மரின் முன்னோடியான பிரெஞ்சு மருத்துவப் பள்ளி புதுச்சேரியில் தொடங்கியபோது இவருக்கு 2 வயசு. அப்பாவுக்குத் தோட்டமும் தேனீயும்தான் உலகம். பையனுக்கு 12 வயசிலேயே மைக்ரோஸ்கோப் பைத்தியம். வூர்ட்ஸ்பர்க்கில் மருத்துவம் படித்து 1847-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1850-ல் பாலூட்டிகளின் விரைகளை ஆராய்ந்தார். விந்தணு உருவாகும் குழாய்களுக்கு நடுவே, கொழுப்புத் துளிகளோடு கொத்துக் கொத்தாகச் சில செல்கள். பார்த்ததை அப்படியே எழுதி வைத்தார். ஹார்மோன் என்ற சொல்லே 1905-ல்தான் வந்தது என்பதால், அவரைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் டூபிங்கன், பான் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் வேலை.

விடை கிடைத்தது பிரான்ஸின் நான்சி நகரில். போல் புவான், போல் ஆன்செல் என்ற இருவர், விரை வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்ட பன்றி போன்ற விலங்குகளை ஆராய்ந்தார்கள். அவற்றுக்கு விந்தணு இல்லை. ஆனா ஆண் குணம் துளியும் குறையலை. காயடித்த விலங்கு மாதிரி சாதுவாகவும் இல்லை. வெட்டிப் பார்த்தால், குழாய்கள் சுருங்கிக் கிடக்க, லைடிக் செல்கள் மட்டும் தப்பியிருந்தன. அப்போ ஆண்மைச் சுரப்புக்குக் காரணம் இந்த செல்கள்தான் என்று 1903-ல் அறிவித்தார்கள். அப்போது லைடிக்குக்கு 82 வயசு. 1908-ல் சொந்த ஊரிலேயே காலமானார்.

தப்பியது என்றால் முழுசாகத் தப்பியதில்லை. விரைப்பை, உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். எலியின் விரையை வயிற்றுக்குள் தள்ளி வைத்த சோதனைகளில், அந்தச் சூட்டில் விந்தணு செல்கள் சீக்கிரமே அழிந்தன. லைடிக் செல்கள் உயிரோடு இருந்தாலும், டெஸ்டோஸ்டிரோன் தயாரிக்கும் திறன் குறைந்தது. ஈடுகட்ட, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி விரட்டியது.

மனிதர்களில், நிறைமாதத்தில் பிறக்கும் 100 ஆண் குழந்தைகளில் சுமார் 3 பேருக்கு விரை இறங்கியிருக்காது. குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். பலருக்குச் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். 6 மாதத்துக்குப் பிறகும் இறங்காவிட்டால், 18 மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து விரையைக் கீழே இறக்கி வைப்பதே இன்றைய நடைமுறை.

வீட்டில் பார்ப்பதானால், வெந்நீரில் குளிப்பாட்டிய கையோடு பாருங்கள். குளிரில் நல்ல விரையும் மேலே ஏறிக்கும். அப்பவும் கைக்குத் தட்டுப்படலைன்னா, குழந்தைகள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.