தரை பெருக்கிய பையனும் தடம் மாறாத தோட்டாவும்

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

மலருக்குக் கட்டுரை கேட்டால் பாதிப் பேர் எடிசனைப் பற்றி எழுதுவார்கள், மீதிப் பேர் அப்துல் கலாமைப் பற்றி எழுதுவார்கள். நான் வேறு ஆளைப் பிடித்திருக்கிறேன். ஜான் கேரண்ட். அமெரிக்காவின் எம்1 ரைஃபிளை வடிவமைத்தவர். உயிர் எடுக்கிற சாமானைச் செய்தவரைத் தவிர எழுத வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று அம்மா வருத்தப்பட்டாங்க. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். காரணம் ஒரு உடைந்த டேப்!

முதலாம் ஆண்டில் ஒர்க் ஷாப்பில் நடந்த கதை. ஸ்டீல் பீஸில் 5 மி.மீ. துளை போட்டேன். மரை வெட்டாமலே ஹார்டனிங் பண்ணி எண்ணெயில் முக்கிவிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்து எம்6 டேப்பை உள்ளே திருகினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாதி டேப் உள்ளே, பாதி கையில். பேட்ச் முழுக்கச் சிரித்தது. எங்க வீட்டில் பத்தாவது தாண்டினதே நான்தான். தறி ஓட்டுகிற அப்பா கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ் வீணாகிவிட்டது என்றே அன்றைக்கு நினைத்தேன். ஹாஸ்டலில் யாரோ விட்டுப்போன ஒரு ஆங்கிலப் புத்தகத்தை டிக்ஷனரி வைத்துக்கொண்டு படித்தபோதுதான் கேரண்ட் எனக்குக் கிடைத்தார். கடினப்படுத்திய இரும்பில் துளை போடுவது பெரிய ராணுவத்துக்கே தலைவலியாக இருந்திருக்கிறது!

1888 ஜனவரி 1-ஆம் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் செயின்ட் ரெமி என்ற ஊரில், பிரெஞ்சு பேசும் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள். 1899-ல் தாய் இறந்துபோனார். தகப்பனார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள ஜூவட் சிட்டிக்குப் பிழைக்க வந்தார். அங்கே ஒரு துணி மில்லில் பையனுக்கு வேலை, தரை பெருக்குவது. பெருக்கிக்கொண்டே ஆங்கிலம் கற்றுக்கொண்டான். இங்கிலீஷ் மீடியம் என்றதும் கடைசி பெஞ்சைத் தேடும் நம்மைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படிக்கவும்.

மில் இயந்திரங்களைப் பார்த்துப் பார்த்தே மெஷினிஸ்ட் ஆனார். பிறகு ராட் ஐலண்டில் பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியில் டூல் மேக்கர். மைக்ரோமீட்டருக்கும் மில்லிங் மெஷினுக்கும் பேர்போன கம்பெனி அது. துப்பாக்கி சுடுவதில் சிறு வயது முதலே அவருக்குப் பைத்தியம். முதல் உலகப்போர் நடக்கும்போது இலேசான இயந்திரத் துப்பாக்கி ஒன்றை வரைந்து அனுப்பினார். அரசாங்கத்துக்குப் பிடித்துவிட்டது. மாதிரி தயாராவதற்குள் போர் முடிந்துவிட்டது. ஆனாலும் ஆளை விடவில்லை. 1919-ல் மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் வேலை கொடுத்தார்கள்.

கேட்டது என்ன தெரியுமா? ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுக்காமல், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள். ஆனால் ஒரு தடவை டிரிகரை அழுத்தினால் ஒரே தோட்டாதான் போக வேண்டும். இதற்குப் பேர் அரைத் தானியங்கி. சொல்வதற்கு ஒரு வரி, செய்வதற்குப் பதினாறு பதினேழு வருஷம்! நடுவில் பெடர்சன் என்ற கெட்டிக்காரர் போட்டிக்கு வந்தார். சின்ன அளவுத் தோட்டாவுக்காக இருவருமே டிசைன் செய்தார்கள். 1932-ல் ராணுவத் தலைமை அதிகாரி மெக்ஆர்தர் பழைய பெரிய தோட்டாவையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், கையிருப்பு அவ்வளவு கிடந்தது. பெரிய தோட்டாவுக்கான டிசைனையும் கேரண்ட் கையில் வைத்திருந்ததால் தப்பித்தார். 1936 ஜனவரி 9-ல் எம்1 ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இன்னொரு விஷயம். டிராயிங்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை. அதைச் செய்யத் தேவையான டூல், இயந்திரங்களையும் அவரே வடிவமைத்தார். இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் சுமார் 40 லட்சம் ரைஃபிள்கள் வெளிவந்ததற்கு என் கணக்கில் பாதிக் காரணம் இதுதான்.

இனி குறி தவறாமைக்கு வருவோம். என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டவர்களுக்குக் குரூப்பிங் என்றால் தெரியும். ஐந்து தோட்டா எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதே கணக்கு. (என்னுடையது தோசைக்கல் அளவு!) இதை அளக்க, ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார்கள். 100 கஜத்தில் அது ஏறக்குறைய 1 அங்குலம். ராணுவத்துக்குச் செய்த சாதாரண எம்1, 3 அல்லது 4 அங்குலத்துக்குள் போட்டால் நல்ல துப்பாக்கி.

ஏன் இன்னும் நெருங்கவில்லை? குழலின் முனைப் பக்கம் ஒரு சிறு துளை. தோட்டா அதைக் கடந்ததும் கொஞ்சம் வாயு கீழே உள்ள சிலிண்டருக்குள் போய் ஒரு நீண்ட தண்டைப் பின்னால் தள்ளுகிறது. அந்தத் தண்டுதான் போல்ட்டைத் திருகித் திறக்கிறது. ஆக, குழலில் ஒரு சிலிண்டர் தொங்குகிறது, தண்டு உரசுகிறது. போதாததற்கு முன்சைட் உட்கார்ந்திருப்பதும் அந்தச் சிலிண்டர் மேலேதான். சிலிண்டர் ஆடினால் குறியும் ஆடும். முதலில் வந்த சுமார் 50,000 ரைஃபிள்களில் குழலில் துளையே இல்லை, முனையில் ஒரு மூடி வைத்து வாயுவைப் பிடித்தார்கள். அது உறுதியாக நிற்கவில்லை என்று கேரண்டே மாற்றினார். அடுத்தது மரக்கட்டை. டிரிகர் கார்டை மூடும்போது கடைசியில் கொஞ்சம் இறுகினால்தான் இரும்பு மரத்தோடு கவ்வும். மரம் தேய்ந்துபோய் அது லொடலொடவென்று மூடினால், எத்தனை நல்ல குழலாக இருந்தும் பிரயோஜனமில்லை. போட்டிக்குத் தயார் செய்பவர்கள் மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ரெசின் ஊற்றி இந்த இடத்தைத்தான் முதலில் சரிசெய்கிறார்கள்.

சரி, இத்தனை நல்ல ரைஃபிளுக்கு ஒரு தொலைநோக்கி மாட்டினால் என்ன? இங்கேதான் கேரண்ட் தன் வடிவமைப்பிடமே மாட்டிக்கொண்டார். எம்1-ல் எட்டுத் தோட்டாக்களை ஒரு கிளிப்போடு சேர்த்து மேலிருந்துதான் உள்ளே அழுத்த வேண்டும். எட்டாவது சுட்டதும் காலிக் கிளிப் மேல்வழியாகவே துள்ளி விழும். ஸ்கோப் வைக்க வேண்டிய இடத்தில் கிளிப்பின் பாதை!

அதனால் 1944-ல் வந்த எம்1சி-யில் ஸ்கோப் இடது பக்கம் ஒதுங்கியது. சுடுகிறவர் முகமும் இடப்பக்கம் போக வேண்டுமே, மரக்கட்டையில் ஒரு தோல் மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஒதுங்கினால் கணக்கும் மாறும். ஸ்கோப் குழலுக்கு 1 அங்குலம் இடப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கஜத்தில் இரண்டு கோடும் சந்திக்கும்படி திருத்தினால், 400 கஜத்தில் தோட்டா குறிக்கு 1 அங்குலம் இடப்பக்கம் விழும். ஒத்த முக்கோணம்தான், நாம் படித்ததே.

ஆனால் தொல்லை அதுவல்ல. எம்1சி-க்கு ரிசீவரின் பக்கவாட்டில் ஐந்து துளைகள் வேண்டும். கடினப்படுத்திய பிறகு போட்டால் என் டேப் கதை. முன்பே போட்டால், சூட்டில் இரும்பு கொஞ்சம் நெளிந்து துளைகள் நேராக நிற்காது. கேரண்ட் வேறு வழி பார்த்தார். ரிசீவரைத் தொடவே இல்லை. குழலின் பின்பகுதியில் ஒரு கட்டையை அழுத்திப் பொருத்தி, மேலே உள்ள மரக்காப்பைக் குட்டையாக்கி, ஸ்கோப் தாங்கியை ஒரே பெரிய திருகால் மாட்டினார். அதுதான் எம்1டி. குழலை மாற்றினால் எந்த எம்1-ம் ஸ்கோப் துப்பாக்கி ஆகிவிடும். ராணுவம் எம்1சி-யை முதலாவதாகவும் இதை மாற்றாகவும்தான் வைத்தது. குழல் மேல் எதை ஏற்றினாலும் அதன் அதிர்வு மாறும் என்பது நியாயமான குறைதான். என்றாலும் செய்கிறவன் கஷ்டம் தெரிந்தவன் போட்ட டிசைன் எம்1டி என்பது என் கட்சி. 1950-களில் பழைய ரைஃபிள்களைப் புதுப்பித்தபோது ராணுவமும் இதையே அதிகம் செய்தது.

1957-ல் எம்14 வந்ததும் எம்1 மெல்ல உபரியானது. அரசுத் திட்டத்தின் வழியாக அந்த நாட்டுப் பொதுமக்கள் கைக்குப் போனது. வாங்கியவர்கள் ஸ்கோப் மாட்டப் பார்த்தால் அதே கிளிப், அதே மேல்வழி. சிலர் பக்கவாட்டில் மாட்டுகிறார்கள். சிலர் கண்ணிலிருந்து தள்ளி வைத்துப் பார்க்கும் ஸ்கோப்பைக் குழல் மேல் முன்னால் கொண்டுபோய் நடுவாக வைக்கிறார்கள், கிளிப்புக்கும் வழி கிடைத்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் அவருக்கு என்ன கிடைத்தது? உரிமைகளை 1936-லேயே அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ராயல்டி ஒரு காசு இல்லை. 1,00,000 டாலர் கொடுக்க காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது, நிறைவேறவில்லை. பதக்கங்கள் கொடுத்தார்கள். 1953 வரை சம்பளத்துக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றார். 1974 பிப்ரவரி 16-ல் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் காலமானார்.

இதையெல்லாம் போன தீபாவளி லீவில் அம்மாவிடம் சொன்னேன். மில்லில் பெருக்கியதையும், பதினோரு வயதில் தாய் போனதையும் கேட்டபிறகு துப்பாக்கியைப் பற்றி அம்மா மறுபடி பேசவில்லை. அந்த உடைஞ்ச டேப்பை ஏன் இன்னும் பையிலேயே வச்சிருக்கேன்னு மட்டும் கேட்டாங்க.