சுரங்கத்தில் இறங்கிய அமைச்சர்

சால்ட் லேக்கில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு லேக் டவுன் புதிய இடம் அல்ல. கால்வாயையும் வி.ஐ.பி. சாலையையும் தாண்டினால் லேக் டவுன். அங்கே மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் இருக்கிறது. ஆலையில் விபத்து நேராமல் தடுப்பது எப்படி, தூசியும் நச்சுப் புகையும் தொழிலாளியின் உடம்பைக் கெடுக்காமல் பார்த்துக் கொள்வது எப்படி என்று அங்கே பயிற்சி தருகிறார்கள். சென்னை தரமணியிலும் இதே போன்ற நிலையம் உண்டு.

இவற்றுக்கெல்லாம் தாய் அலுவலகம் 1945-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. தொழிற்சாலைகளின் தலைமை ஆலோசகர் அலுவலகம் என்று அப்போது அதற்குப் பெயர். அந்த நேரத்தில் இந்தியாவின் தொழிலாளர் துறையைக் கவனித்து வந்தவர் டாக்டர் அம்பேத்கர்.

அரசியல் சட்டத்தின் சிற்பி என்று அவரை நாடு அறியும். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் தொழிலாளர் துறையை நடத்தியதை அறிந்தவர்கள் குறைவு.

பரேலில் ஒரே அறை

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவ முகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். பிறகு குடும்பம் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளர்கள் நிறைந்த பரேல் பகுதியில் குடியேறியது. 'சால்' என்று பம்பாயில் சொல்வார்களே, அந்த வரிசைக் குடியிருப்பில் ஒரே அறை. சமையலும் அங்கேதான், படுக்கையும் அங்கேதான், படிப்பும் அங்கேதான்.

பரோடா மன்னரின் உதவித் தொகையில் 1913-ல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக் கழகத்தில் படித்தார். பிறகு லண்டனில் பொருளாதாரமும் சட்டமும் படித்துப் பாரிஸ்டராகத் திரும்பினார். உலகம் சுற்றி வந்த பின்னும் அவர் பல ஆண்டுகள் குடியிருந்தது அதே பரேலில்தான். ஆலைத் தொழிலாளியின் பாடு அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தி அல்ல.

நூலும் தீட்டும்

அன்றைய பஞ்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. நெசவுத் தறியில் நாடாவில் உள்ள தார் தீர்ந்ததும், புதுத் தாரைப் பொருத்தி, நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய் பட்ட நாடாவில் இன்னொருவரும் வாய் வைக்க வேண்டி வரும். இதனால் நோய் பரவும் என்ற புகார் இங்கிலாந்து ஆலைகளிலேயே எழுந்தது. பம்பாயிலோ அதை நோயாகப் பார்ப்பதற்கு முன் தீட்டாகப் பார்த்தார்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பினரை நெசவுப் பகுதியில் சேர்ப்பதில்லை. நல்ல கூலி கிடைக்கும் வேலை அவர்களுக்கு எட்டாமல் போயிற்று.

1928-ல் பம்பாய் ஆலைகளில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தபோது, அம்பேத்கர் இந்தக் குறையைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். முதலாளியிடம் நியாயம் கேட்கிறவர்கள் தங்களுக்குள்ளும் நியாயமாக நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

1936-ல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். வேலை நிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தும் மசோதா பம்பாய் சட்டசபைக்கு வந்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தார். 1938-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, கம்யூனிஸ்டுகளுடன் சேர்ந்து ஒரு நாள் வேலை நிறுத்தம் நடத்தினார்.

400 அடி ஆழத்தில்

உலகப் போர் நடந்து கொண்டிருந்த 1942-ம் ஆண்டு ஜூலையில் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினரானார். இன்றைய மந்திரி பதவிக்குச் சமமான பொறுப்பு அது.

1943-ம் ஆண்டு டிசம்பரில் தன்பாத் நிலக்கரி வயலுக்குப் போனார். கல்கத்தாவிலிருந்து அசன்சோல் வழியாக ரயிலில் போகிறோமே, அதே தன்பாத். அதிகாரிகள் தரும் அறிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை. சுமார் 400 அடி ஆழத்தில் சுரங்கத்துக்குள் இறங்கி, கரி வெட்டும் முகப்புக்கே போய், ஆண்களோடும் பெண்களோடும் பேசினார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்த்தார்.

1944-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி ஏற்படுத்தப்பட்டது. சுரங்கத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு டன் கரிக்கும் ஒரு தீர்வை. அந்தப் பணம் தொழிலாளரின் மருத்துவத்துக்கும் வீட்டுக்கும் குடிநீருக்கும். தன்பாத்திலும், அசன்சோல் அருகே கல்லாவிலும் பின்னாளில் எழுந்த பெரிய மருத்துவமனைகள் இந்த நிதியில் உண்டானவை. தொழிலாளியின் நலத்துக்கு ஆகும் செலவைத் தொழிலே தாங்க வேண்டும் என்ற கொள்கை இதில் அடங்கியிருக்கிறது. வேலை முடிந்து மேலே வருகிறவர்கள் கரி போகக் குளிப்பதற்குச் சுரங்க வாயிலில் குளியல் அறைகளும், தாய்மார்களின் பிள்ளைகளுக்குக் காப்பகங்களும் அமைக்க 1946-ல் விதிகள் வந்தன.

கண்டனத்துக்கு உள்ளான ஒரு முடிவும் அவர் காலத்தில் நடந்தது. பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்ற தடை 1943-ல் நீக்கப்பட்டது. போர்க் காலத்தில் கரிக்குப் பஞ்சம். ஆண்கள் அதிகக் கூலி தரும் ராணுவக் கட்டுமான வேலைகளுக்குப் போய்விட்டார்கள். இங்கும் இங்கிலாந்திலும் எதிர்ப்புக் கிளம்பியது. போர் நெருக்கடி தவிர வேறு காரணம் இல்லை என்று அம்பேத்கர் விளக்கினார். அந்தப் பெண்களுக்கு ஆணுக்குச் சமமான கூலி என்று விதித்தார். 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இருட்டில் கரி சுமந்த பெண்களின் கஷ்டத்தையும் இந்த வரலாற்றில் சேர்த்தே எண்ண வேண்டும்.

நேரமும் ஓய்வும்

களைத்த கைதான் எந்திரத்தில் மாட்டும். ஆகவே வேலை நேரம் என்பது பாதுகாப்பின் முதல் பாடம். வருடம் முழுவதும் ஓடும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் வேலை என்று இருந்ததை 48 ஆகக் குறைக்கும் மசோதாவை அவர் கொண்டு வந்தார். 1946 ஆகஸ்ட் 1-ந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு உழைத்தவருக்குச் சம்பளத்துடன் 10 நாள் விடுமுறை என்பதும் அவர் காலத்துச் சட்டமே.

அரசு, முதலாளி, தொழிலாளி மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் முத்தரப்பு மாநாடுகளை அவர் தொடர்ந்து நடத்தினார். தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றி ஆராயப் பேராசிரியர் அதார்கர் 1943-ல் நியமிக்கப்பட்டார். அவருடைய அறிக்கையிலிருந்து பிறந்ததே 1948-ம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். அதே ஆண்டில் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. அது உட்பட 13 சட்டங்களை ஒன்றாக்கி 2020-ல் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நிறைவேறியது.

1946-ல் அம்பேத்கரை அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியது வங்காளம்! அவர் தலைமையில் உருவான அரசியல் சட்டத்தில், 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை ஆலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 24-வது பிரிவு தடுக்கிறது. மனிதத் தன்மையுள்ள வேலைச் சூழலை அரசு ஏற்படுத்த வேண்டும் என்று 42-வது பிரிவு சொல்கிறது. 1956-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி அவர் டெல்லியில் காலமானார்.

பதிவேட்டில் ஒரு வரி

இடத்தை நேரில் போய்ப் பார்ப்பது, ஆபத்தை முன்கூட்டிக் கண்டு நீக்குவது, களைப்புக்கு ஓய்வு தருவது, தொழிலாளியின் பேச்சைக் கேட்பது, நடந்ததை எழுதி வைப்பது. தொழில் பாதுகாப்பு நிர்வாகத்தின் அரிச்சுவடி இவ்வளவே.

இதில் கடைசிப் பாடம் நம் குமாஸ்தா நண்பர்களுடையது. கட்டடச் சாரத்திலிருந்து ஒருவன் விழுந்தாலும், எந்திரத்தில் ஒருவன் விரல் போனாலும், அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், நஷ்ட ஈடு கேட்டுப் போகும் குடும்பம் விபத்து நடந்ததையே நிரூபிக்க முடியாமல் திண்டாடும். மொழி தெரியாத ஊரில் அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? சட்டம் செய்தவர் தம் கடமையைச் செய்துவிட்டுப் போனார். அதை ஏட்டில் ஏற்றும் பேனா நம் கையில் இருக்கிறது.