ஓடுகளைப் படித்த பெருமகன்

ஆய்வுக்கூடத்தில் என் முடிவு பொய்த்துப் போகும் நாளெல்லாம் பிளிண்டர்ஸ் பெட்ரியை நினைத்துக்கொள்வேன். 1853-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், உடல்நலக் குறைவால் பள்ளிக்குச் சென்றதில்லை. தந்தையிடம் நில அளவை கற்றார். 1880-இல் எகிப்து சென்று பிரமிடுகளை அளந்தார்.

1890-இல் பாலஸ்தீனத்துத் தெல் எல்-ஹெசி மேட்டை அகழ்ந்தார். அங்கே உடைந்த பானை ஓடுகளைப் பொறுக்கி, எந்த அடுக்கில் எந்த ஓடு என்று குறித்தார். ஓட்டைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம் என்று உலகுக்குக் காட்டினார்.

அம்மேடே விவிலியம் கூறும் லாக்கீசு நகரம் என்று அவர் கருதினார். அது தவறு. 1930-களில் அவருடைய மாணவர் ஸ்டார்க்கி அகழ்ந்த வேறொரு மேட்டையே அறிஞர் இன்று லாக்கீசு என்பர்.

பெட்ரி 1942-இல் எருசலேமில் மறைந்தார். அவர் சூட்டிய பெயர் நிலைக்கவில்லை. காட்டிய வழி நிலைத்தது. தோழர்களே, நம் முடிவு பொய்க்கலாம், முறை பொய்க்கலாகாது.