சட்டம் படித்த ஒரு பொறியாளர்



மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதிக் கொடுங்கள் என்று குழுவினர் கேட்டபோது, நான் விஸ்வேஸ்வரய்யாவைத்தான் எழுதுவேன்னு நினைச்சிருப்பாங்க. நான் எழுதப்போவது ஒரு அமெரிக்க வக்கீலைப் பற்றி. பெயர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். வக்கீல் என்பவன் சமூகத்துக்கே பொறியாளனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் ஒட்டுண்ணி என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். நம்ம தொழில் பெயரை இவ்வளவு உயரத்தில் வைத்தவர் வேறு யாருங்க?

1895-ல் வாஷிங்டனில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா வக்கீல். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1915-ல் முதல்தர மாணவராகத் தேறினார். முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியானார். அங்கே ராணுவ நீதிமன்றத்தில் அரசுத் தரப்பில் வழக்கு நடத்தும் வேலையும் அவருக்கு வந்தது. ஒரு வழக்கை விசாரித்துப் பார்த்து, ஆதாரம் இல்லை என்று நேர்மையாகச் சொன்னார். அதற்கு மேலதிகாரிகளிடம் திட்டுதான் கிடைத்தது. நல்ல பெயர் எடுத்த கறுப்பின சார்ஜென்ட் ஒருவர் தண்டிக்கப்பட்டதையும் கண்ணால் பார்த்தார். திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காகச் சட்டம் படிப்பது என்று அப்போதே முடிவு செய்தார். 1919-ல் ஹார்வர்டு போனார். அங்கே சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவர்தான்.

1924-ல் வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்ட ஆசிரியரானார். 1929-ல் சட்டக் கல்லூரியின் பொறுப்பு கைக்கு வந்தது. அப்போது அது இரவுக் கல்லூரி. பகலில் குமாஸ்தா வேலை பார்த்தவர்கள் ராத்திரி படித்து வக்கீல் ஆனார்கள். அவருடைய அப்பாவே அப்படிப் படித்தவர்தான். ஹூஸ்டன் அந்த இரவு வகுப்புகளை மூடி, முழுநேரக் கல்லூரியாக மாற்றினார். பழைய மாணவர்கள் கொதித்தார்கள். 1931-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது.

இந்த இடத்தில் எனக்கு மனசு இடறுகிறது. டிப்ளமா முடித்து, பகலில் சைட்டில் நின்று, நம்ம கல்லூரியில் மாலை வகுப்பில் பி.இ. முடித்தவன் நான். ஹூஸ்டன் போன்ற ஒருவர் இங்கே வந்திருந்தால் இந்த மலரில் எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவர் பக்கத்து நியாயமும் புரிகிறது. வெள்ளையர் நீதிமன்றத்தில், வெள்ளை நீதிபதி முன்னால், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் வாதாடக்கூடிய ஆட்கள் வேண்டும். அரைகுறைத் தயாரிப்பு அங்கே எடுபடாது. ஆனாலும் கதவு சாத்தப்பட்டவர்களின் நஷ்டம் நஷ்டம்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை மதிக்கிறேன்.

அவரிடம் படிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. பையன்கள் வைத்த பட்டப்பெயர் இரும்புக் காலணி! அந்தப் பட்டறையில் 1933-ல் முதல் மாணவராகத் தேறியவர் தர்குட் மார்ஷல். சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காததால் தினமும் பால்டிமோரிலிருந்து வந்து போய்ப் படித்தவர்.

தனித்தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும் என்று 1896-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் மேல்தான் இனப் பாகுபாடு நின்றது. 1935-ல் கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞரான ஹூஸ்டன், அந்தக் கட்டடத்தை நேராக இடிக்கப் போகவில்லை. எந்த மூட்டு பலவீனம் என்று பார்த்தார். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கென்று தனிச் சட்டக் கல்லூரியே கிடையாது. அங்கே சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சுமையை அங்கே ஏற்றினார். மார்ஷலும் அவரும் சேர்ந்து நடத்திய வழக்கில் டொனால்டு மர்ரே என்ற மாணவர் அதே மேரிலாந்து கல்லூரியில் சேர்ந்தார். 1936-ல் மேல்முறையீட்டிலும் வெற்றி. 1938-ல் மிசூரி மாநில வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 6-க்கு 2 என்று ஜெயித்தது. மாணவனை வெளிமாநிலத்துக்கு அனுப்பிப் பணம் கட்டினால் போதாது, உள்ளேயே சமமான படிப்பு தர வேண்டும் என்பது தீர்ப்பு.

உடம்பு ஒத்துழைக்காமல் அந்த ஆண்டே வாஷிங்டன் திரும்பினார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. ரயில்வே தொழிலாளர்களுக்காக 1944-ல் ஜெயித்தார். கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களுக்கு எதிராக 1948-ல் வாதாடி ஜெயித்தார். 1950 ஏப்ரல் 22-ல் இதயநோயால் காலமானார். வயது 54 தான்.

1954 மே 17-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வாதாடியவர் மார்ஷல். அந்த மார்ஷலே 1967-ல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். பெருமையெல்லாம் குருவுக்கே என்று கடைசிவரை சொல்லிவந்தார்.

அஸ்திவாரம் போட்டவர் கிரகப்பிரவேசத்தைப் பார்க்கவில்லை. நம்ம தொழிலில் இது புதுசு இல்லை. தம்பி தங்கைகளே, நீங்க போடுற அஸ்திவாரத்தின் மேல் யார் நிற்பாங்கன்னு உங்களுக்குத் தெரியப் போறதில்லை. கலவையில் மட்டும் குறை வைக்காதீங்க.